வடக்கு பார்த்த மேசை

ரெமிஜியஸ் வீட்டுக் கூடத்தில் சாப்பாட்டு மேசை கோணலாகத்தான் கிடக்கும். அதன் ஒரு மூலை நடைவழியில் நீட்டிக்கொண்டிருக்கும். சமையலறைக்குப் போகிறவர்கள் அதைச் சுற்றி வளைந்துதான் போக வேண்டும். குடி வந்த புதிதில் நான் இடுப்பில் இடித்துக்கொண்டு, இதைச் சுவரோடு தள்ளிப் போட்டால் என்ன கேடு என்று கேட்டேன்.

"மேசை நேராத்தான் இருக்குதுண்ணே. ஊடுதான் கோணல். மேசை வடக்கு பாத்துனு இருக்குது," என்றார்.

பைத்தியக்காரன் வீட்டில் வந்து மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். குழாயில் தண்ணீர் நன்றாக வந்ததால் இருந்துவிட்டேன்.

அடுகோடியில் இருக்கிறது அந்த வீடு. முன்கட்டில் ரெமிஜியஸ், அவர் சம்சாரம் டோரதி, மகன் க்ளென். பின்கட்டில் நான் தனியாள். பீன்யா தொழிற்பேட்டையில் லேத் முன்னால் நின்று நின்று கால் நரம்பு சுருண்டுபோனவன். நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். யாரையும் லேசில் நம்ப மாட்டேன், பட்டாளத்துக்காரனை அதைவிடக் கொஞ்சம் குறைவாக. ரெமிஜியஸ் ஹவில்தாராக இருந்து வந்தவர். வரைபடத்தைப் பார்த்து மலையிலும் காட்டிலும் வழி பிடித்து நடக்கச் சிப்பாய்களுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான் அவருடைய வேலை. ஓய்வு பெற்ற பிறகு ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டியாக உட்கார்ந்தார்.

அந்த மேசைமேல் ஒரு கண்ணாடி. கண்ணாடிக்கு அடியில் பெரிய வரைபடம் ஒன்று. நகரத்துக்குத் தெற்கே இருக்கிற மலை, ஏரி, ஊர் எல்லாம் அதில் இருந்தன. மேடு பள்ளத்துக்குப் பழுப்புக் கோடு, தண்ணீருக்கு நீலம், ஒற்றையடிப் பாதைக்குச் சிவப்புப் புள்ளிக்கோடு, காய்ந்த ஓடைக்குக் கறுப்பு. சுவரில் மாட்டலாமே என்றால் கோபம் வந்துவிடும். "பூமி இன்னா செவுத்துல மாட்டினா இருக்குது? படுத்துனு இருக்குது. அதுபோலப் படுக்க வெச்சு, வடக்கை வடக்குல வெச்சாத்தான் படம் பேசும்," என்பார்.

"எல்லார் ஊட்லயும் மேசைமேல பூ வெப்பாங்க. எங்க ஊட்டுக்காரர் மலைய வெச்சிருக்கார்," என்பாள் டோரதி. அவள் பக்கத்து நர்சரிப் பள்ளியில் ஆயாவாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மாட்டுக்கறி வறுவல் செய்வாள். எனக்கும் ஒரு தட்டு உண்டு. கண்ணாடியில் குழம்பு சிந்தினால் க்ளென் குனிந்து பார்த்து, "கனகபுரா பக்கம் நல்ல மழ அங்கிள்," என்பான். ரெமிஜியஸுக்குச் சிரிப்பு வராது. துணியால் துடைப்பார்.

க்ளென் நல்ல பையன். படிப்பு ஏறவில்லை. ஆட்களை மலை மலையாகக் கூட்டிப்போகும் ஒரு மலையேற்றக் கம்பெனியில் கைடாகச் சேர்ந்தான். கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை செய்கிற பிள்ளைகளை வாரக்கடைசியில் கூட்டிப்போவார்கள். போன்களையெல்லாம் வாங்கிப் பையில் போட்டு முடிந்துவிட்டு, கையில் ஒரு வரைபடக் காயிதத்தைக் கொடுத்து, அதை வைத்துக்கொண்டே மலையேறி இறங்க வேண்டுமாம். அதற்கு ஆசைப்பட்டு ஆட்கள் வருகிறார்களாம். கையில் வழி சொல்லும் போனை வைத்துக்கொண்டு அதை ஏன் பூட்ட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காத எதையும் நான் நம்புவதில்லை. ஆனால் ரெமிஜியஸுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "எம்மவன் படம் பாத்து நடத்தறான்," என்று சர்ச் வாசலில் நின்று சொன்னார். அவர் வாயிலிருந்து மகனைப் பற்றி நல்ல வார்த்தை வந்ததை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் அது நடந்தது. கனகபுராவுக்கு அப்பால் காகெபெட்டா என்கிற மலை. உச்சியிலிருந்து இறங்கும்போது சாயங்காலத் தூறல். பாதை என்று நினைத்து க்ளென் கூட்டத்தை ஒரு காய்ந்த ஓடைக்குள் இறக்கிவிட்டான். ஓடை கொஞ்ச தூரம் போய் ஒரு பாறை விளிம்பில் வெட்டென்று முடிகிறது. முன்னால் போன பெண் வழுக்கி விழுந்துவிட்டாள். பெயர் ரக்ஷா. இடுப்பெலும்பு உடைந்தது. எழுந்து நடப்பாளா என்று டாக்டர்கள் வாய் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரி அலைச்சல் கொஞ்சம் அடங்கியதும் அந்தப் பெண்ணின் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். சேஷகிரி என்று பெயர். அரசாங்க வேலையில் இருந்து ஓய்ந்தவர். வெளுத்த சட்டை, வெளுத்த முகம். அன்றைக்கு நான் கூடத்தில் இருந்தேன். எழுந்து போகப் பார்த்தேன், டோரதி கண்ணால் உட்காரச் சொன்னாள்.

"நான் சண்டைக்கு வரலை சார்," என்றார் சேஷகிரி. "போலீஸ்ல என்னை ஸ்டேட்மென்ட் கேக்கறா. கம்பெனிக்காரன் கைடுதான் தப்புங்கறான். உங்க பிள்ளை கம்பெனி குடுத்த படம் தப்புங்கறார். எனக்கு மேப்பெல்லாம் தெரியாது. நீங்க மிலிட்டரில இதையே சொல்லிக்குடுத்தவர்னு கேள்விப்பட்டேன். உள்ளதைச் சொல்லுங்கோ. யார்மேல தப்பு?"

க்ளென் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். கையில் மடித்த காயிதம் ஒன்று. "டாடி, இத பாரு. இதான் எங்களுக்குக் குடுத்தது," என்று நீட்டினான். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ்.

ரெமிஜியஸ் அதைத் தொடவில்லை. "ஜெராக்ஸ்ல படம் பாக்கறவனுக்குப் படமே பாக்கத் தெரியாதுன்னு அர்த்தம்," என்று சொல்லிவிட்டு மேசைக் கண்ணாடிமேல் விரலை வைத்தார். "இந்தா காகெபெட்டா. இதா மூக்கு மாதிரி நீட்டினு வருதே, இந்த மேட்டுமேல போவுது பாதை, செகப்புல. பக்கத்துல பள்ளத்துல கறுப்புக் கோடு, அது ஓடை. பழுப்புக் கோடெல்லாம் வளைஞ்சு மேல பாத்து முனை காட்டினா பள்ளம். கீழ பாத்துக் காட்டினா மேடு. ரெக்ரூட்டுக்கு மொத நாள் சொல்ற பாடம். டேய், உன் தட்டு வெக்கிற எடத்துலதானேடா இருந்துச்சு இந்த மலை?"

"தட்டுக்கு அடியில இருந்தா எப்படி டாடி தெரியும்?" என்றான் க்ளென்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்லவேளை அடக்கிக்கொண்டேன்.

"அப்ப படத்துல தப்பு இல்லையா?" என்றார் சேஷகிரி.

"படம் சரியா இருக்குது. எம்மவன்தான் தப்பாப் படிச்சான்."

"ஏங்க!" என்றாள் டோரதி. காப்பித் தட்டை மேசைமேல் வைத்தாள். "அவன் குடுக்கற காயிதத்த ஒரு வாட்டி கையில வாங்கிப் பாருங்களேன்."

"இன்னாத்தப் பாக்கறது? உள்ளதச் சொல்லுன்னு வந்துருக்கார். பொண்ணு படுத்துக் கெடக்குது. பையனக் காப்பாத்தப் பொய் சொல்லச் சொல்றியா?"

சேஷகிரி எழுந்து கும்பிட்டார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "உங்களை மாதிரி மனுஷா அபூர்வம் சார்," என்று சொல்லிவிட்டுப் போனார். காப்பியைத் தொடவில்லை.

அந்த வாரமே க்ளென்மேல் மட்டும் கேஸ் எழுதினார்கள். கம்பெனி ஒதுங்கிக்கொண்டது. ஜாமீனில் வந்த பையன் வீட்டுக்குள் நுழைந்து துணிகளைப் பையில் திணித்தான். டோரதியும் தன்னுடைய புடவைகளை எடுத்தாள்.

"நீ எங்க கெளம்பிட்ட?" என்றார் ரெமிஜியஸ்.

"அவனுக்குச் சோறு போட ஆள் வேணும்."

"எனக்கு?"

"உங்களுக்குத்தான் மேசையிருக்குதே," என்றாள். மூலையை வளைந்து வாசலுக்குப் போனாள். ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது. நான் பின்கட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டே இதையெல்லாம் பார்த்தேன். அவர் வாசல் வரைக்கும் வரவில்லை.

ஹெப்பகோடியில் ஒரு ஒற்றை அறை பிடித்தார்களாம். க்ளென் குடோனில் பெட்டி தூக்கப் போனானாம். ரெமிஜியஸும் அதே ஹெப்பகோடிக்குத்தான் தினமும் வேலைக்குப் போய்வந்தார். பஸ்ஸில் ஒருநாள் டோரதி முன்சீட்டில் உட்கார்ந்திருந்ததாகவும், தான் பின்னால் நின்றுகொண்டே வந்ததாகவும் சொன்னார். பேசினாயா என்றேன். இல்லையாம். "எறங்கற எடம் வந்துச்சு, எறங்கிட்டா," என்றார்.

மார்கழிக் குளிர் பிடித்துக்கொண்டது. கிறிஸ்துமஸுக்கு எல்லார் வீட்டு வாசலிலும் நட்சத்திரம் தொங்கியது. அவர் வீட்டில் பழைய நட்சத்திரம் பரண்மேல் கிடந்தது. பாலும் பன்னும் தின்றே நாளை ஓட்டினார். நான் முத்தே கிளறினால் ஒரு உருண்டை கொண்டுபோய்க் கொடுப்பேன். கேழ்வரகு உருண்டையைக் கையில் பிட்டுக்கொண்டே கண்ணாடிக்கு அடியில் இருந்த மலையைப் பார்ப்பார். இரண்டு கிழவன்கள் எதிரெதிரே மென்றுகொண்டிருப்போம்.

ஒருநாள் சாமான் ஒதுக்கும்போது சமையலறை டப்பாவுக்குப் பின்னால் அந்த ஜெராக்ஸ் கிடைத்திருக்கிறது. க்ளென் விட்டுப் போனது. எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம காகெபெட்டா போய்ட்டு வரலாமா?"

"என் காலை வெச்சுனு மலையா? இன்னாத்துக்கு?"

"பையன் எங்க தப்புப் பண்ணான்னு நேர்ல பாக்கணும். பாத்துட்டா மனசு அடங்கும்."

"நீதான் ஊட்லயே பாத்துட்டியே. தீர்ப்பும் சொல்ட்டியே."

காயிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எனக்கு ஆளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவம் பார்த்தால் எனக்கு நஷ்டம்தான் வரும், தெரிந்தும் போனேன்.

பஸ் மாறிப் போய் இறங்கினோம். மலையடிவார ஊரில் இட்லி தின்றோம். கடைக்காரம்மா என் காலைப் பார்த்து, கன்னடத்தில் "தாத்தா, நீவு ஹத்தக்கே ஆகல்லா," ஏற உங்களால் ஆகாது என்றாள். அந்த வார்த்தைக்காகவே ஏறினேன். நாங்கள் ஏறிய பின்பக்கத்துச் சரிவு மெதுவானது. இருந்தும் உச்சிக்குப் போவதற்குள் மூச்சு வெளியே வந்துவிட்டது. மேலே தட்டையான பாறை. காற்று. தூரத்தில் ஏரி ஒன்று தகரத்துண்டு மாதிரி மினுக்கியது. மனித வாடையே இல்லை.

ரெமிஜியஸ் பாறைமேல் ஜெராக்ஸை விரித்தார். காம்பஸை வைத்துக் காயிதத்தைத் திருப்பித் திருப்பி வடக்கில் நிறுத்தினார். அவர் முகத்தில் உயிர் வந்தது. எத்தனையோ மாதமாகச் செத்துக் கிடந்த முகம்.

"ஊட்டுப் படம் எங்கே?" என்றேன்.

"கொண்டு வரலண்ணே. அவன்கிட்ட இதுதான இருந்துச்சு. இத வெச்சே நான் சரியா எறங்கிட்டா, அவன் தப்பு தப்புதான்."

சட்டைப் பையிலிருந்து நூல் எடுத்துப் பாதையின் கோட்டுமேல் வளைத்து வைத்து அளந்தார். நூலை ஸ்கேலில் வைத்துப் பார்த்தார். இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர், பட்டாளத்தில் அது மந்திரம் மாதிரி என்றார். இங்கிருந்து விளிம்போடு நடந்து, அந்தத் தூரம் வந்ததும் இடது கைப் பக்கம் பாதை பிரியும். கையில் கூழாங்கற்களைப் பொறுக்கிக்கொண்டார். நூறு தப்படிக்கு ஒரு கல்லை இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு மாற்றிக்கொண்டே போனார். நான் பின்னால் நொண்டினேன். பேசக் கூடாதாம், கணக்குத் தப்பிவிடுமாம்.

கடைசிக் கல்லும் மாறியது. நின்றார். இடது கைப் பக்கம் புதர் விலகி ஒரு வழி தெரிந்தது. மண் மிதிபட்டுக் கிடந்தது. ஆட்டுப் புழுக்கை.

"இதான்! பாத்தியாண்ணே, எவ்ளோ தெளிவா இருக்குது! இத உட்டுட்டு அந்தாண்ட ஏதோ ஓடையில போய் எறக்கியிருக்கான் மடையன்."

இறங்கினோம். முதலில் தட்டையாகத்தான் போனது. இரண்டு பக்கமும் லந்தானா. ஒரு வளைவு. அதற்கப்புறம் இரண்டு பக்கமும் மண் உயர்ந்துகொண்டே வந்தது. காலுக்கடியில் மண் போய் உருண்டைக் கல் வந்தது.

"யோவ் ஹவில்தார்," என்றேன், "மேட்டுமேல பாதைன்ன. நாம பள்ளத்துலல்ல போறோம்?"

"கொஞ்சம் கீழ போனா மேடு வந்துரும். வா."

இன்னொரு வளைவு. அவர் சட்டென்று நின்றார். அவருக்கு முன்னால் கல் இல்லை, மரத்தின் உச்சிகள்தான் தெரிந்தன. பாறை விளிம்பு. அங்கே ஒரு செடியில் நீல ரப்பர்க் கையுறை ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது, ஆஸ்பத்திரிக்காரர்கள் போடுகிறது. போலீஸ்காரர்கள் கட்டிய மஞ்சள் நாடாவில் ஒரு துண்டு காற்றில் அடித்துக்கொண்டது.

எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்தது. அவர் அப்படியே கல்மேல் உட்கார்ந்தார். கையிலிருந்த காயிதத்தைப் பார்த்தார், கையுறையைப் பார்த்தார். தூறல் இல்லை, இருட்டு இல்லை, பின்னால் பசியும் குளிருமாகப் பத்துப் பிள்ளைகள் இல்லை. நல்ல பகல் வெயில். அதில்தான் அதே விளிம்பில் வந்து நின்றோம்.

பிறகு, "போன் இருக்குதாண்ணே?" என்றார். அவருடையதில் சிக்னல் இல்லை. என்னுடையதிலும் இல்லை.

கையை ஊன்றித் தவழ்ந்து மேலே ஏறி வந்தோம். உச்சி விளிம்போடு இன்னும் நல்ல தூரம் நடந்த பிறகுதான் சரியான பாதை வந்தது. மேட்டு முதுகின்மேல் ராஜபாட்டையாகப் போனது. அதில் இறங்கி வந்தோம். அவர் ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைத் தூக்கினோம். வரைபடத்தின்மேல் ஜெராக்ஸை வைத்தார். மலைமேல் மலை உட்காரவில்லை. ஜெராக்ஸ் மலை சின்னது.

"கம்பெனிக்காரன் சுருக்கியிருக்கான்," என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது. "ஒரு தாளுக்குள்ள அடங்கணும்னு மெஷின்ல சுருக்கி எடுத்துருக்கான். அளவுக்கோட்டையும் வெட்டிட்டான். செகப்பும் கறுப்பும் ஒண்ணாயிருச்சு. பழுப்புக் கோடு பாதி உழவே இல்ல. நூல்ல அளந்த தூரம் கொறஞ்சுபோயி, பாதைக்கு முன்னாடியே ஓடையில திரும்பிட்டோம்."

"எங்க கம்பெனில ட்ராயிங்மேல ஸ்கேல் வெச்சு அளந்தா சூப்பர்வைசர் கையிலயே அடிப்பான்," என்றேன். "எழுதியிருக்கற அளவைத்தான் எடுக்கணும். நகல் எடுத்தா அளவு மாறிப்பூடும்னு லேத்துல நிக்கறவனுக்கே தெரியும்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேண்ணே."

"தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி நீ அந்தக் காயிதத்த யார் கண்ணுலயாச்சும் காட்டினியா?"

போனை எடுத்து க்ளெனுக்குப் போட்டார். அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டார். டோரதி எடுத்தாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"இன்னா?"

"டோரதி, நான் காகெபெட்டா போயிருந்தேன். பையன் எறங்குன அதே எடத்துலதான் நானும் எறங்கினேன். அந்த ஜெராக்ஸ் சுருக்கினது. அவன்கிட்ட சொல்லு."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அப்புறம் அவள் சொன்னாள்: "அன்னிக்கு அவன் அதத்தானங்க நீட்டினான். கையில வாங்கலையே நீங்க." வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் வரைபடத்தையும் ஜெராக்ஸையும் சுருட்டிக்கொண்டு சேஷகிரி வீட்டுக்குப் போனார். சாட்சி என்று என்னையும் இழுத்துப்போனார். வீட்டுக்குள்ளே அந்தப் பெண் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகிக்கொண்டிருந்தாள். ரப்பர்க் கால் தரையில் ஊன்றுகிற சத்தமும், அவள் அம்மா "மெதுவா ரக்ஷா, மெதுவா" என்று சொல்வதும் கேட்டன. ரெமிஜியஸ் வரைபடத்தை அவர்கள் வீட்டுத் தரையில் விரித்து, வடக்கில் திருப்பி, எல்லாவற்றையும் சொன்னார். பட்டாளத்து வகுப்பில் சொல்வது மாதிரி நிமிர்ந்து நின்றுதான் சொன்னார்.

சேஷகிரி பொறுமையாகக் கேட்டார்.

"இது சின்னதா இருக்கு, அது பெரிசா இருக்கு, தெரியறது. அதுக்கு என்ன அர்த்தம்னு நீங்கதான் சொல்றேள். மேப் எனக்குத் தெரியாதுன்னு அன்னிக்கே சொன்னேன். உங்க பேச்சை ஏன் நம்பினேன் தெரியுமா? பெத்த பிள்ளைக்கு எதிரா ஒருத்தர் பொய் சொல்ல மாட்டார்னுதான். இன்னிக்குப் பிள்ளைக்கு சாதகமா வந்து சொல்றேள். எந்த அப்பாதான் சொல்ல மாட்டா?"

"சார், நான் கூடவே இருந்தேன்," என்றேன்.

"நீங்க யாரு?"

"இவர் ஊட்டுப் பின்கட்டுல குடியிருக்கறேன்."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

"வக்கீல்கிட்ட குடுங்கோ சார். கோர்ட் பாத்துக்கட்டும்," என்று வாசல் வரைக்கும் வந்து அனுப்பினார். உள்ளே நடைவண்டிச் சத்தம் நின்று நின்று கேட்டது.

வரைபடமும் ஜெராக்ஸும் இப்போது க்ளெனின் வக்கீலிடம் இருக்கின்றன. ரெமிஜியஸ்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். கேஸ் நடக்கிறது. தேதி வரும்போதெல்லாம் கோர்ட்டுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருகிறார். க்ளென் ஒருதரம் திரும்பிப் பார்த்தானாம். அவ்வளவுதான்.

போன வாரம் முத்தே கொண்டுபோனேன். கூடம் ஏதோ மாதிரி இருந்தது. மேசையைச் சுவரோடு ஒட்டி நேராகப் போட்டிருந்தார். கண்ணாடிக்கு அடியில் ஒன்றும் இல்லை, பலகைதான் தெரிந்தது. குடி வந்த புதிதில் நான் கேட்டதும், இத்தனை வருஷம் டோரதி கேட்டதும் அதைத்தான்.

"நல்லா இருக்குது," என்றேன். "தண்ணி கொண்டா."

எழுந்து சமையலறைக்குப் போனார். நடைவழி இப்போது காலி, நேராகவே போகலாம். அவர் அந்த மூலை நீட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்ததும் இடுப்பை ஒடுக்கி வளைந்து போனார். சொம்போடு திரும்பும்போதும் வளைந்தே வந்தார்.